காயிலின் காது முறியக் கூடாது, போல்ட் முறியலாம்

உலோகம் தேடும் டிடெக்டரில் காயிலையும் தண்டையும் சேர்த்துப் பிடிப்பது ஒரே ஒரு பிளாஸ்டிக் போல்ட். இத்தனை விலை கொடுத்து வாங்கிய கருவியில் இப்படியொரு அற்பச் சாமானா என்று பலருக்கும் கோபம் வருகிறது. ஜீலாங்கில் இருக்கும் ஒரு தம்பி, சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம், போன வாரம் போனில் கேட்டதும் இதைத்தான். “அண்ணே, மறுபடியும் போல்ட் போயிடுச்சு. பேசாம ஒரு எவர்சில்வர் போல்ட்டைப் போட்டு முறுக்கிடவா?” வேண்டாம் என்று சொன்னேன். ஏன் வேண்டாம் என்பதைப் போனில் முழுதாகச் சொல்ல முடியவில்லை. அவருக்காகவும், அதே கேள்வியோடு இருக்கும் மற்றவர்களுக்காகவும் இங்கே எழுதுகிறேன்.

மெல்போர்னிலிருந்து வடமேற்கே இரண்டு மணி நேரம் காரோட்டினால் விக்டோரியாவின் பழைய தங்க வயல்கள் வந்துவிடும். டனோலி, டார்னகல்லா, இங்கிள்வுட், வெடர்பர்ன் எல்லாம் சின்னச் சின்ன ஊர்கள். டனோலிக்குப் பக்கத்தில் மோலியாகுல் என்ற இடத்தில்தான் 1869-ல் ஜான் டீசன், ரிச்சர்ட் ஓட்ஸ் என்ற இரண்டு கார்ன்வால்காரர்கள் ‘வெல்கம் ஸ்ட்ரேஞ்சர்’ கட்டியை எடுத்தார்கள். தரைக்குக் கீழே சில சென்டிமீட்டர் ஆழத்தில் கிடந்தது. சுத்தத் தங்கமாக மட்டும் 70 கிலோவுக்கு மேல். டனோலியில் இருந்த தராசு கொள்ளாமல், பட்டறைக் கல்லில் வைத்து உடைத்துத்தான் எடை போட்டார்கள். நூறு வருஷத்துக்கு அப்புறம், 1980-ல், கிங்கோவருக்குப் பக்கத்தில் கெவின் ஹில்லியர் ‘கேரட்’ நிறுவனத்தின் டிடெக்டர் ஒன்றை வைத்து 27 கிலோ எடையுள்ள ‘ஹேண்ட் ஆஃப் ஃபெய்த்’ கட்டியைக் கண்டெடுத்தார். டிடெக்டரால் கிடைத்த கட்டிகளில் அதுதான் பெரியது என்கிறார்கள்.

எங்களைப் போன்றவர்களுக்குக் கிடைப்பது அரிசி மணி அளவுத் துண்டுகள். கிடைக்காத நாளே அதிகம். அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அயர்ன்பார்க் மரங்களுக்கு நடுவே, குளிர்கால வெயிலில், காதில் ஹெட்போனோடு நடக்கிற சுகம் வேறு எதிலும் இல்லை.

ஆனால் அந்த நிலம் காயிலுக்கு இரக்கம் காட்டாது. செம்மண், இரும்புச் சத்துள்ள சரளை, நீட்டிக்கொண்டிருக்கும் வெள்ளைக் குவார்ட்ஸ் கற்கள், வெட்டி விட்ட மரங்களின் அடிக்கட்டைகள். காயிலைத் தரையை ஒட்டி வீசினால்தான் ஆழம் கிடைக்கும். ஒட்டி வீசினால் முட்டத்தான் செய்யும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 18 அங்குல வட்டக் காயில் என்றால் நடுவிலிருந்து விளிம்புவரை சுமார் 23 சென்டிமீட்டர். தண்டைக் கவ்வும் இரண்டு காதுகளுக்கும் இடையே 3 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பக்க விளிம்பு ஒரு கட்டையின் அடியில் சிக்கி, 5 கிலோ அளவுக்கு ஒரு இழுப்பு வந்தால், காதுகளில் போய் விழுவது கிட்டத்தட்ட 40 கிலோ. அந்த விசை காதுகளை அகட்டப் பார்க்கும். அகலாமல் பிடித்து வைத்திருப்பது அந்த போல்ட்தான்.

அப்படியென்றால் வலுவான போல்ட் நல்லதுதானே என்று தோன்றும். இங்கேதான் விஷயமே இருக்கிறது.

முதலில் எல்லோருக்கும் தெரிந்த காரணம். காயில் காந்தப்புலத்தை அனுப்புகிறது. அந்தப் புலம் உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. அந்த மின்னோட்டம் திருப்பி அனுப்பும் மெல்லிய புலத்தைத்தான் கருவி கேட்கிறது. கருவிக்குத் தங்கமும் தெரியாது, போல்ட்டும் தெரியாது. உலோகம் என்றால் உலோகம். இந்தத் தொல்லை கருவி பிறந்த நாளிலிருந்தே இருக்கிறது. 1881-ல் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டு சுடப்பட்டபோது, உடம்புக்குள் இருந்த குண்டைத் தேட அலெக்சாண்டர் கிரஹாம் பெல் தன் தூண்டல் கருவியைக் கொண்டு போனார். தெளிவான பதில் கிடைக்கவில்லை. படுக்கையில் எஃகுக் கம்பி மெத்தை இருந்தது அவருக்குப் பிறகுதான் தெரிய வந்தது. வைத்தியம் பார்த்த டாக்டர் வலப்பக்கத்தை மட்டுமே தேட விட்டார், குண்டு இடப்பக்கத்தில் இருந்தது என்பது இன்னொரு துயரம். செப்டம்பரில் கார்ஃபீல்டு இறந்துபோனார். காயிலுக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கட்டில்தான் நினைவுக்கு வரும்.

“ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் காந்தம் ஒட்டாதே?” என்பது அடுத்த கேள்வி. பாதி சரி. 304, 316 வகைகளில் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. ஆனால் 304-ஐக் குளிர்ந்த நிலையில் அழுத்தி மரை உருட்டும்போது கொஞ்சம் காந்தத் தன்மை வந்துவிடும். அதோடு, காந்தம் ஒட்டாவிட்டாலும் மின்சாரம் பாயுமே. செம்பைவிட நாற்பது மடங்கு மோசமான கடத்தி, அவ்வளவுதான். மோசமான கடத்தி என்றால் சுழல் மின்னோட்டம் சீக்கிரம் அடங்கிவிடும். மிகச் சிறிய தங்கத் துண்டிலும் அது சீக்கிரம்தான் அடங்கும், ஏனென்றால் துண்டு சிறியது. ஆகவே பொடித் தங்கத்தைக் கேட்கும் அளவுக்குக் கூர்மையான கருவி எதுவோ, அந்தக் கருவிக்குத்தான் ஸ்டீல் போல்ட்டின் தொந்தரவும் அதிகம். டைட்டானியத்துக்கும் இதே கதைதான்.

சிலர் ஸ்டீல் போல்ட் போட்டு, “ஒன்றும் சத்தம் வரவில்லையே” என்பார்கள். வராமல் இருக்கலாம். போல்ட் அசையாமல் ஒரே இடத்தில் இருந்தால் கருவி அதை நிலையான பின்னணியாக எடுத்துக்கொண்டு ஒதுக்கிவிடும். ஆனால் வீசும்போது மூட்டு நூலளவு ஆடும். ஆடும்போது காயிலுக்கும் போல்ட்டுக்கும் உள்ள தூரம் மாறும். வீச்சின் ஒவ்வொரு முனையிலும் ஒரு சின்ன முனகல் கேட்கும். ஆழத்தில் கிடக்கும் தங்கமும் அதே மாதிரி முனகலைத்தான் தரும். எது எது என்று பிரிக்க முடியாத காதோடு நாள் முழுக்க நடப்பதில் என்ன பயன்?

இதெல்லாம் சரி, சத்தமே வராத ஒரு அற்புத உலோகம் கிடைத்தாலும் நான் போட மாட்டேன். காயிலின் ஓடு பெரும்பாலும் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக். உள்ளே செம்புக் கம்பிச் சுற்று, அதைச் சுற்றி மின் இரைச்சலைத் தடுக்கும் கிராஃபைட் பூச்சு, இடைவெளியை நிரப்பும் ஃபோமும் எப்பாக்ஸியும். காதுகள் அந்த ஓட்டோடு சேர்ந்தே வார்க்கப்பட்டவை. காது உடைந்தால் காதை மட்டும் கடையில் வாங்க முடியாது. காதின் அடியில் விரிசல் விட்டால் ஈரம் உள்ளே போகும். ஈரம் புகுந்த காயில் பனிப்புல்லைத் தொட்டாலே அலறும். நூற்றுக்கணக்கான டாலர் கொடுத்த சாமான் அத்தோடு முடிந்தது. போல்ட்டின் விலை இரண்டு டாலர். ஆகவே எங்கோ ஒன்று உடைந்தே தீர வேண்டும் என்றால், அது போல்ட்டாக இருக்கட்டும். வீட்டு மின்பெட்டியில் ஃபியூஸ் கம்பி இருப்பது எதற்காகவோ, இந்த போல்ட் இருப்பதும் அதற்காகத்தான். அங்கே யாரும் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றி வைப்பதில்லை.

இந்தக் கண்ணோடு பொருள்களைப் பார்த்தால் தேர்வு சுலபமாகிவிடும்.

பீக் என்று ஒரு பிளாஸ்டிக் இருக்கிறது. விமானத் துறையில் பயன்படுத்துகிறார்கள், நைலானைவிடப் பல மடங்கு விலை. அருமையான பொருள், இந்த வேலைக்கு வேண்டாம். கண்ணாடி இழையில் செய்த மரைத் தண்டும் அப்படியே. வளைந்து கொடுக்காது, இழுபட்டுக் கொடுக்காது, வருகிற அடியை முழுசாகக் காதுக்கு அனுப்பி வைக்கும். பாலிகார்பனேட் அடி தாங்கும், ஆனால் ரசாயனத்துக்குப் பயந்தது. காட்டில் ஈக்கும் கொசுவுக்கும் கையில் பூசிக்கொள்ளும் மருந்தில் டீட் என்ற ரசாயனம் இருந்தால் அது பாலிகார்பனேட்டை அரிக்கும். அந்தக் கையோடுதானே நாம் மூட்டைத் திருகுகிறோம். அசெட்டால், டெல்ரின் என்ற பெயரில் கிடைப்பது, தண்ணீரை அதிகம் உறிஞ்சாது, அளவு மாறாது. கடற்கரையில் தேடுகிறவர்களுக்கு நல்ல தேர்வு. வெள்ளை நிறத்தில் வாங்காதீர்கள். வெயிலில் சுண்ணாம்பு மாதிரி பொரிந்துவிடும்.

நான் திரும்பத் திரும்ப வந்து நிற்பது கறுப்பு நைலான் 66-ல்தான். கறுப்பு என்பது அழகுக்காக இல்லை. அதில் கலந்திருக்கும் கார்பன் கரித்தூள் வெயிலின் புற ஊதாக் கதிரை உள்ளே விடாமல் தடுக்கிறது. ரொம்பக் கொஞ்சமாகக் கலந்திருப்பதால் மின்சாரம் பாயாது, கருவிக்குத் தெரியாது. நைலானைப் பற்றிப் பலருக்குத் தெரியாத ஒன்று, அது தண்ணீர் குடிக்கும் பொருள். முழுக்க ஊறினால் தன் எடையில் எட்டு சதவீதம்வரை குடித்துவிடும். நன்றாகக் காய்ந்த நைலான் உறுதியாக இருக்கும், ஆனால் நொறுங்கும். கொஞ்சம் ஈரம் ஏறிய நைலான் உறுதியில் சற்றுக் குறைந்து, நெகிழ்ந்து கொடுக்கும் குணத்தைப் பெறும். நமக்கு வேண்டியது அந்தக் குணம்தான். பாக்கெட்டைப் பிரித்து நேரே மாட்டிய போல்ட் முதல் நாளே சட்டென்று முறிந்தால், பெரும்பாலும் அது ஈரமில்லாமல் காய்ந்திருந்ததுதான் காரணம். புதுப் போல்ட்டுகளை வெந்நீரில் போட்டு ஓர் இரவு ஊற விட்டு எடுத்து வையுங்கள். வித்தியாசம் கையிலேயே தெரியும்.

கண்ணாடி இழை கலந்த நைலான் என்றும் விற்கிறார்கள். ‘கூடுதல் வலு’ என்று அட்டையில் போட்டிருக்கும். வலு உண்மைதான், நெகிழ்ச்சி போய்விடும். சாதா நைலானே போதும்.

அளவு விஷயத்தில் அவசரப்படாதீர்கள். கால் அங்குல போல்ட்டின் விட்டம் 6.35 மில்லிமீட்டர், எம் 6-க்கு 6. பதினாறில் ஐந்து அங்குலம் என்பது 7.94 மில்லிமீட்டர்; எம் 8-க்கு 8. பார்க்க இரண்டும் ஒன்றுதான். ஆனால் பதினாறில் ஐந்து அங்குல போல்ட்டில் மரை இடைவெளி 1.41, எம் 8-ல் 1.25. நட் இரண்டு சுற்று சந்தோஷமாக ஏறும், மூன்றாவது சுற்றில் இறுகும். “இறுகிவிட்டது” என்று நினைத்து இன்னும் ஒரு திருகு திருகினால் பிளாஸ்டிக் மரை வழித்துக்கொண்டு போய்விடும். அமெரிக்கக் கருவிகளில் அங்குல மரையும் மற்றவற்றில் மில்லிமீட்டர் மரையும் இருக்கக்கூடும். பழைய போல்ட்டை வெர்னியரால் அளந்து, மரை அளக்கும் கேஜையும் வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். தடித்த போல்ட் போடலாம் என்று காதில் இருக்கும் துளையைப் பெரிதாக்குவது கூடவே கூடாது. காதில் இருக்கும் சதையே கொஞ்சம்தான்.

கருவி விற்கும் கடைகளில் போல்ட் கிடைக்கும், இருப்பு இல்லை என்றால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நான் முதலில் போவது பிளம்பிங் சாமான் இருக்கும் வரிசைக்கு. டாய்லெட் இருக்கையைப் பீங்கானோடு பிடிக்கிற நீள பிளாஸ்டிக் போல்ட் அங்கே தொங்கும். ஈரத்தில் கிடப்பதற்கென்றே செய்தது, நீளமும் தாராளம், கூடவே பெரிய நட்டும் வரும். காரின் நம்பர் பிளேட்டுக்கு வரும் நைலான் திருகுகள் குட்டையாக இருப்பதால் நமக்கு உதவாது. படகுச் சாமான் கடைகளிலும் நல்ல போல்ட்டுகள் உண்டு. வாங்கும்போது ஒன்றைப் பாருங்கள். தலைக்குக் கீழே கொஞ்ச தூரம் மரையில்லாமல் வழுவழுப்பாக இருந்தால், அந்தப் பகுதி காதின் துளைக்குள் உட்காரும். மரை காதில் உரசினால் ரம்பம் போலத் துளையைத் தின்னும். அதோடு நைலான் முறிவது பெரும்பாலும் மரையின் பள்ளத்தில்தான்.

விங் நட்டுக்குப் பதிலாகப் பெரிய கைப்பிடிக் குமிழ் போடுகிறவர்கள் கவனிக்க. வெளியே பிளாஸ்டிக்காகத் தெரியும் பல குமிழ்களுக்குள் பித்தளை மரை பொதிந்திருக்கும். எந்தச் சாமானை வாங்கினாலும் மாட்டுவதற்கு முன்னால், மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றிவிட்டு, கருவியை முழுக் கூர்மையில் வைத்து, அதைக் காயிலுக்கு முன்னால் இரண்டு தடவை ஆட்டிப் பாருங்கள். அரை நிமிட வேலை. கடைக்காரர் சொல்வதைவிடக் கருவி சொல்வது நம்பகமானது.

இப்போது வாஷருக்கு வருகிறேன். இவ்வளவு நேரம் போல்ட்டைப் பற்றிப் பேசியதற்குக் காரணமே இதுதான்: போல்ட் அடிக்கடி முறிகிறது என்றால், பத்தில் ஒன்பது தடவை குற்றவாளி வாஷர். தண்டின் நுனிக்கும் காதுகளுக்கும் நடுவே இரண்டு பக்கமும் ரப்பர் வாஷர் இருக்கிறது. காயில் தொங்கிப் போகாமல், வைத்த கோணத்தில் நிற்பது அந்த ரப்பரின் பிடியால். ரப்பர் தேய்ந்தால், அல்லது செம்மண் தூள் ஏறி வழுக்கினால், காயில் தலை சாயும். உடனே நாம் என்ன செய்கிறோம்? நட்டை இன்னும் முறுக்குகிறோம். முறுக்க முறுக்கக் காதுகள் உள்பக்கமாக வளையும், போல்ட் விண்ணென்று இழுபட்டு நிற்கும். அந்த நிலையில் ஒரு கட்டையில் இடித்தால் அது முறியாமல் என்ன செய்யும்?

ஆகவே உழைக்கிற சாமான் வேண்டும் என்றால் காசை வாஷரில் போடுங்கள். இ.பி.டி.எம். ரப்பர் வெயிலையும் ஓசோனையும் தாங்கும். கார் கதவு ஓரங்களில் வருகிற ரப்பர் அதுதான். நைட்ரைல் ரப்பர் எண்ணெய்க்கு நல்லது, வெயிலில் வெடிக்கும். சிலிகான் மிருதுவானது, மரைப் பக்கம் கிழிந்துவிடும். சைக்கிள் ட்யூபும் நல்ல பொருளே. அது பியூட்டைல் ரப்பர். பழைய ட்யூபை வெட்டி, தோலில் துளை போடும் பஞ்ச் கருவியால் வட்டமாக எடுத்து, இரண்டு மூன்றாக அடுக்கலாம். தடிமன்தான் முக்கியம். நட்டைப் போடாமல், வாஷரோடு தண்டைக் காதுகளுக்கு நடுவே நுழைத்துப் பாருங்கள். விரலால் தள்ளினால் சற்றுச் சிரமத்தோடு உள்ளே போக வேண்டும், போன பின் காயில் தானாகவே ஓரளவு நிற்க வேண்டும். அதற்கு மேல் நட்டுக்கு வேலை கொஞ்சம்தான், இரண்டு விரலால் திருகும் அளவு போதும். ஸ்பானர் எடுக்க வேண்டிய தேவை வருகிறது என்றால் வாஷரை மாற்றும் நேரம் வந்துவிட்டது.

வாஷரில் கிரீஸ், எண்ணெய், ஸ்ப்ரே எதுவும் தொடக்கூடாது. வீட்டுக்கு வந்ததும் மூட்டைக் கழற்றி வெறும் தண்ணீரில் கழுவுங்கள். மரையில் லாக்கிங் திரவம் விடும் பழக்கமும் உலோகத்துக்கு உரியது. பல பிளாஸ்டிக்குகளில் அது விரிசல் விட வைக்கும்.

முப்பரிமாண அச்சு இயந்திரம் வைத்திருக்கும் நண்பர்கள் போல்ட்டையே அச்சடித்துத் தருகிறார்கள். நிற்க வைத்து அச்சடித்த போல்ட் அடுக்கு அடுக்காகப் பிரிந்து போகும். படுக்க வைத்து அச்சடிக்கச் சொல்லுங்கள். வார்த்த நைலானுக்கு அது ஈடாகாது என்பது என் எண்ணம். மாறாக, டி.பி.யு. என்ற நெகிழ் பிளாஸ்டிக்கில் அச்சடித்த வாஷர் பிரமாதம். உங்கள் காயிலுக்கு வேண்டிய தடிமனில், கால் மில்லிமீட்டர் துல்லியத்தில் கிடைக்கும்.

கோடையில் காருக்குள் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டும். காய்ந்த நைலானே சுமார் 50 டிகிரியில் இளக ஆரம்பிக்கும், ஈரம் ஏறியது அதற்கும் முன்னால். முறுக்கிய நிலையில் காருக்குள் கிடந்தால் போல்ட் மெல்ல நீண்டு, மறுநாள் தளர்ந்து நிற்கும். அப்போது மறுபடி முறுக்குவோம். அதனால் நாள் முடிந்ததும் நட்டை ஒரு சுற்றுத் தளர்த்தி வைப்பது என் வழக்கம். போல்ட்டை ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும், பழையது நன்றாகத் தெரிந்தாலும், மாற்றிவிடுவேன். பையில் எப்போதும் ஊற வைத்த போல்ட், நட், வாஷர் மாற்று இருக்கும். முறிந்த துண்டுகளைக் காட்டில் விடாமல் எடுத்து வந்துவிடுவேன். அந்தப் பகுதியின் பூர்வகுடிகளான ஜா ஜா வுரங் மக்களின் பூமி அது. பத்து வருஷத்துக்குச் செல்லும் மைனர்ஸ் ரைட் அனுமதிச் சீட்டோடு போகிறோம், தோண்டிய குழியை மூடிவிட்டு வர வேண்டும் என்பது சட்டம்.

தம்பி கடைசியாகக் கேட்டது, ஏற்கெனவே காதில் மயிரிழை விரிசல் விட்டுவிட்டால் என்ன செய்வது என்று. முதலில் அந்த ஓடு ஏ.பி.எஸ். தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஆம் என்றால், ஏ.பி.எஸ். குழாய்க்கான கரைப்பான் பசையை விரிசலுக்குள் ஊற விட்டு, இரண்டு நாள் அசைக்காமல் காய வையுங்கள். அது பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒன்றாக்கும், மேலே ஒட்டுவது மட்டும் இல்லை. பிறகு காதின் வெளிப்பக்கத்தைச் சொரசொரப்பாகத் தேய்த்து, மெல்லிய கண்ணாடி இழைத் துணியை எப்பாக்ஸியில் நனைத்து இரண்டு அடுக்கு சுற்றுங்கள். அலுமினியத் தகடோ, கம்பியோ, உலோகத் தூள் கலந்த எப்பாக்ஸியோ வேண்டாம். ‘ஸ்டீல்’ என்று பெயரிலேயே இருக்கும் எப்பாக்ஸி டியூபுகளைக் கையில் எடுக்கும் முன் அட்டையைப் படியுங்கள். காய்ந்த பின், ஒரு நாள் தரையில் முட்டாத உயரத்தில் வீசிப் பாருங்கள். விரிசல் காதைத் தாண்டி ஓட்டுக்குள் இறங்கியிருந்தால் இந்த வைத்தியம் நிற்காது; அந்தக் காயிலைப் புல்லில்லாத, காய்ந்த தரைக்கு ஒதுக்கி வைத்துவிட்டு, புதிதுக்குக் காசு சேர்க்க ஆரம்பிக்கலாம்.